வாங்கிக்கொண்டேன், அக்கா

அன்புள்ள பங்கு மக்களுக்கும், எங்கள் தெருவாருக்கும், ராத்திரியெல்லாம் போனில் ஜெபமாலை சொன்ன அத்தனை பேருக்கும்,

எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று சாயங்காலம் தானாகவே எழுந்து வாசல்வரை நடந்தார். முருங்கைக்கு ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று என்னைத் திட்டினார். 36 வருடக் கல்யாண வாழ்க்கையில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். அந்த 11 நாளைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

நடு ராத்திரியில் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், இரத்தம் கொடுக்க நான்கு பைக்கில் வந்து நின்ற இளைஞர் குழுப் பிள்ளைகளுக்கும் (அதில் இரண்டு பேர் மறைக்கல்வி வகுப்பில் என்னிடம் முட்டிபோட்டவர்கள்), எங்கள் பூனைக்குச் சோறு வைத்த எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அந்த வார்டு நர்ஸ் பிள்ளைகளுக்கும், மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காத ஆட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் வந்து காலில் விழுகிறேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே வேறொருவருக்காக. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காசிமேட்டு அக்கா என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர்.

ஏழை வீடுகளுக்கு உதவுகிற வின்சென்ட் தெ பால் சபையில் நான் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம். அரிசி, பருப்பு, பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டு. 1833-இல் பாரீசில் இதைத் தொடங்கியவர்கள் கல்லூரிப் பையன்கள், அவர்களில் ஒருவரான ஓசானாமுக்கு அப்போது 20 வயதுதான், ஏழை வீட்டுக்குள் எப்படிப் போக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற கன்னியர் என்றெல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். அக்கா வீட்டுக்கு மட்டும் ஒன்பது வருடம் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் சேரை முந்தானையால் துடைத்துப் போட்டு, "டீ போடட்டா டீச்சரம்மா?" என்பார். ஒவ்வொரு தடவையும் நான், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்மா" என்பேன். குடித்திருக்க மாட்டேன். இவர்களுக்கு எதற்குச் செலவு வைப்பது என்ற நல்ல எண்ணம்தான். அந்த டம்ளர் எப்படிக் கழுவியதோ என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மகன் சாப்பாடு டெலிவரி வேலைக்காகத் தவணையில் பைக் எடுத்தான். "பைக் நிற்கிற வீட்டுக்கு அரிசி எதற்கு?" என்று கூட்டத்தில் கேட்டது நான்தான். உதவிப் பட்டியலிலிருந்து அக்கா பெயரை எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லக்கூட நான் போகவில்லை, வேறொருவரை அனுப்பினேன்.

நான்காம் நாள் விடிகாலையில், ஐசியூ வெளியே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறார், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்வி இல்லை. தூக்குவாளியைத் திறந்தார். கஞ்சி, சுட்ட கருவாடு. "துன்னு டீச்சரம்மா" என்றார். முந்தின நாள் மதியத்திலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தூக்கின் மூடியிலேயே ஊற்றிக் குடித்தேன். எந்த டம்ளர் நினைப்பும் வரவில்லை.

அப்புறம் சுருக்குப்பையை எடுத்தார். ஐநூறு ரூபாய். ஒரே நோட்டு இல்லை, நூறும் ஐம்பதும் இருபதுமாக. மீன் வாசனையோடு என் கையில் வைத்து மூடினார்.

இது மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருகிற கொஞ்சம் மீனுக்கு ஏலத்தில் விலை ஏறிக் கிடக்கும். தினமும் வசூலிக்கிற வட்டிக் கடனான தண்டல் வாங்கித்தான் முதல் போடுவார்கள். அன்றைக்குப் போட வைத்திருந்த முதல்தான் அந்த ஐநூறு. அன்றைக்கு அக்கா ஏலத்துக்கே போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பதறிப்போய், "வேண்டாம்மா, எங்களுக்குப் பென்ஷன் வருது, இன்சூரன்ஸ் இருக்கு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"நீங்க குடுக்க சொல்லோ நான் வாங்கிக்கலையா டீச்சரம்மா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

வாங்கிக்கொண்டேன். வகுப்பில், கூட்டத்தில், வீட்டில் எங்கேயும் வாயடைத்துப் போகாத நான் அங்கே வாயடைத்துப் போனேன்.

சீடராக இருப்பதற்கு விலை உண்டு என்று எத்தனை தவக்காலத்தில் கேட்டிருப்போம். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார், கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்காதே. என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு, மழையில் நனைந்து போன இல்லச் சந்திப்புகள். எல்லாமே நான் கொடுத்தவை. கைநீட்டி வாங்கவும் வேண்டியிருக்கும் என்று அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு வந்தபின் லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். 72 பேரை ஆண்டவர் இருவர் இருவராக அனுப்புகிறார். அதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அடுத்த வரிகளிலேயே பணப்பை வேண்டாம், போகிற வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள், குடியுங்கள் என்றும் சொல்கிறார். நாம் பையை நிரப்பிக்கொண்டு போய், டீ வேண்டாம் என்று திரும்பி வந்திருக்கிறோம். அதற்கு இரண்டு அதிகாரம் முந்திப் பார்த்தால் மகதலா மரியாவும் யோவன்னாவும் சூசன்னாவும் தங்கள் கைப்பொருளைச் செலவழித்து அவரையும் சீடர்களையும் கவனித்துக்கொண்டது இருக்கிறது. ஆண்டவரே அடுத்தவர் காசில் சாப்பிட்டவர்தான்.

ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, இந்த வருடம் பெரிய வியாழனன்று ஃபாதர் பாதம் கழுவ உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். ஃபாதர் கையில் அழுக்குப் படக் கூடாது என்று வீட்டிலேயே மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒன்பது வருடமாக நான் செய்ததும் அதுதானே.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றாள் மகள். செலவாகிவிட்டது. இரண்டு நாள் ஆட்டோவும் இட்லியும் அதில்தான். அது அப்படியே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் அக்கா பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நானே எழுந்து கேட்கப் போகிறேன். இது ஐநூறுக்குப் பதில் இல்லை. தவணை எவ்வளவு என்றுகூட விசாரிக்காமல் நான் பேசிய பேச்சுக்கு.

வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், வெறுங்கையோடு. அக்கா, யாராவது இதைப் படித்துக் காட்டினால், டீ போட்டு வையுங்கள். எனக்குச் சுகர் இருக்கிறது, சர்க்கரை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்
பழைய வண்ணாரப்பேட்டை