தறிக்குழியில் கிடந்த மாத்திரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநோய் மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் குணமாகிவிட்டதாக நினைத்துத்தான் பலரும் நிறுத்துகிறார்கள் என்றதோடு முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

நாங்கள் அம்மாபேட்டையில் குழித்தறியில் பட்டு வேட்டி நெய்கிறவர்கள். காதில் யாரோ பேசுகிறார்கள் என்று தவித்த என் வீட்டுக்காரருக்கு ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அது தொடங்கியது. ராத்திரியானால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் அழுதேன். ஆண்மையே போய்விட்டது என்று அவர் மருகினார். வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. லாட்ஜில் ரூம் போட்டிருந்த ஒரு வைத்தியரிடம் கூலிப் பணத்தைக் கொட்டி லேகியம் வாங்கித் தின்றிருக்கிறார். ஒருநாள் தறிக்குழியைக் கூட்டினேன். மிதிக்கட்டைக்கு அடியில், நூல் பிசிறோடு பிசிறாக, 36 மாத்திரைகள். அதற்குள் அந்தப் பேச்சுச் சத்தம் அவர் காதுக்குத் திரும்பிவிட்டது.

வேறொரு டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான்தான் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த மருந்து மூளையில் இருக்கும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை அடக்கி வைப்பதும் அதே டோபமின்தான். தடுத்தால் புரோலாக்டின் ஏறிவிடும். ஆசை குறையும், விறைப்பு வராது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், பிள்ளை பெறாதவளுக்கும் பால் கசியலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்படி ஆனால் வீட்டில் என்னென்ன பேச்சு கிளம்பும் என்று நினைத்தாலே பதறுகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. மருந்தின் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். இவருக்கு அரிபிப்ரசோல் என்ற வேறொரு மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். இப்போது சத்தமும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுப்பதும் இல்லை.

முதலில் பார்த்த இடத்தில் மாதாமாதம் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா என்று கேட்டார்கள். இதைக் கேட்கவே இல்லை. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது எந்த ஆம்பளை தானாக வாயைத் திறப்பான்? சிகிச்சையின் பக்க விளைவுகளைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டு, டாக்டர்தான் முதலில் கேட்க வேண்டும். மனைவியையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை 'நிறுத்தாதீர்கள்' என்று எழுதும்போது, இதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். நேரில் சொல்ல முடியாதவர்கள் பேசுவதற்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணையும் போடுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.