மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

"ஆறு மாசமா ரத்த மாத்திர குடிக்கிறேன், ரத்தம் ஏறவேயில்ல" என்ற முறைப்பாடு தோட்டப்புறத்துக் கிளினிக்குகளில் புதிதல்ல. "ஒழுங்கா குடிச்சிருக்க மாட்ட" என்ற பதிலும் புதிதல்ல. அந்தப் பதில் பல வேளைகளில் அநியாயமானது. சோகைக்கு, அதாவது இரத்தக் குறைவுக்கு, தரும் இந்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றுக்குள் போய்த்தான் இருக்கிறது. வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போகும் பாதையில்தான் அடைப்பு. அந்த அடைப்பில் பெரும்பங்கு இங்கே பறிக்கும் அதே தேயிலைக் கொழுந்தின் சாயத்துக்கு உண்டு.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டியதும் ஒரு பிளேன்டீ. பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ரொட்டியோடு இன்னொன்று. மலையில் பத்து மணிக்கு ஒன்று, பகல் சோற்றுக்குப் பின் ஒன்று, வீடு திரும்பிய கையோடு ஒன்று. இரும்புச்சத்து மாத்திரையும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றோடு போய்விடுகிறது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் குடலுக்குள் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் உறிஞ்ச முடியாத பொருளாக மாற்றிவிடுகின்றன. கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் ஒரு மாத்திரையைப் பொடித்து அரைக் கோப்பை பிளேன்டீயில் போட்டு வைக்கலாம். சற்று நேரத்தில் மை போலக் கறுக்கும். கடுக்காய்ச் சாயத்தில் இரும்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். பால்மாவு கலந்தால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

எவ்வளவு இழப்பு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பாண் உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைகிறது என 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், இரும்புக் குறைபாடுள்ள பெண்களுக்கு 100 மில்லிகிராம் இரும்பு கொடுத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. மாத்திரையோடு கோப்பி குடித்தபோது உறிஞ்சல் 54 சதவீதம் விழுந்தது. கோப்பியோடு காலை உணவும் சேர்ந்தபோது 66 சதவீதம். காலையில் விழுங்காமல் பிற்பகலில் விழுங்கினால் 37 சதவீதம் குறைவு. 80 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்த்தபோது 30 சதவீதம் கூடியது. 500 மில்லிகிராம் சேர்த்தும் அதற்குமேல் பலன் இல்லை. ஆகவே ஃபார்மசியில் காசு கொடுத்துப் பெரிய வைட்டமின் சி மாத்திரை வாங்கத் தேவையில்லை. ஒரு தேசிக்காய்ச் சாற்றில் 80 மில்லிகிராம் இராது. வேலியோரத்துக் கொய்யாவில் பாதிப் பழம் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

அப்படியானால் எப்போது குடிப்பது? எழும்பியவுடன், வெறும் வயிற்றில், சுடுதண்ணியோடு. நாலரைக்கு மாத்திரை என்றால் ஐந்தரைக்கு முதல் தேத்தண்ணி. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. இந்தக் குளிரில் அப்படிச் சொல்வது நடக்கிற காரியமும் இல்லை. ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தால் போதும். வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் இரவில், கடைசித் தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப்போகும்போது விழுங்கலாம். காலை அளவுக்கு ஏறாது என்றாலும் பிளேன்டீயோடு விழுங்குவதைவிட மேல். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையை இரும்போடு சேர்க்கக் கூடாது, அது பகல் சாப்பாட்டோடு போகட்டும். கிளினிக்கிலேயே தரும் வைட்டமின் சி மாத்திரைதான் இரும்புக்குக் கூட்டாளி. கேஸ்டிரைட்டிசுக்கென்று வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கும் இரும்பு ஏறுவது மந்தமாகும், ஏனெனில் இரும்பு கரைய வயிற்று அமிலம் வேண்டும். தைரொயிட் மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணித்தியால இடைவெளி விடவேண்டும்.

அண்மைக்கால ஆய்வுகளில் எங்கள் வேலைமுறையை உண்மையில் மாற்றியது ஹெப்சிடின் பற்றிய அறிவு. ஈரல் சுரக்கும் இந்த ஹோர்மோன் குடலின் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு உள்ளே போனால் ஹெப்சிடின் ஏறி, ஏறத்தாழ ஒரு நாளைக்கு வாசலைச் சாத்திவிடும். மறுநாள் விழுங்குவதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். வயிற்றுப் பிரட்டலும் மலச்சிக்கலும்தான் மிச்சம். 2017இல் வெளியான சூரிச் ஆய்வில் ஒரே எண்ணிக்கையான மாத்திரைகளைத் தினமும் குடித்தவர்கள் 16.3 சதவீதம் உறிஞ்ச, ஒன்றுவிட்ட நாள் குடித்தவர்கள் 21.8 சதவீதம் உறிஞ்சினார்கள். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று வேளை என்ற பழைய கணக்குக்கு இன்று நியாயமில்லை. ஒரு நாளைக்கு ஒன்று. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒன்றுவிட்ட நாள் ஒன்று. ஆனால் ஒன்றுவிட்ட நாள் முறையில் மாத்திரைக்கு மாத்திரை லாபம் இருந்தாலும் காலம் கூடும். கடும் சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளினிக்கில் சொன்ன முறையைத் தாங்களாக மாற்றக் கூடாது. இன்னொரு நடைமுறைச் சிக்கல், "ஒருநாள் விட்டு" என்றால் மூன்றாம் வாரத்தில் மறந்துபோகும். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை சொல்லிக் கொடுத்தால் நிற்கும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பார்க்கவேண்டும். டெசிலீற்றருக்கு 2 கிராம் அளவில் ஏறியிருப்பது நல்ல அறிகுறி. 1 கிராம்கூட ஏறாவிட்டால் மாத்திரையைக் கூட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். அளவு சரியான பின்னும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் சேமிப்பு நிரம்பும். பலர் ஆறாம் வாரத்தில் களைப்பு நீங்கியதும் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் அதே இலக்கத்தோடு திரும்பி வருகிறார்கள்.

இலக்கம் என்றதும் மலையகத்துக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் ஐதாக இருப்பதால் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். கொழும்பில் 12 கிராம் என்பதும் நுவரெலியாவில் 12 கிராம் என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 500 முதல் 999 மீற்றர் வரை வாழ்பவர்களுக்கு சோகையைத் தீர்மானிக்கும் வரம்போடு 0.4 கிராமும், 1000 முதல் 1499 வரை 0.8 கிராமும், 1500 முதல் 1999 வரை 1.1 கிராமும் கூட்டவேண்டும். பதுளை நகரம் முதலாவதில் வரும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை இரண்டாவதில். 1868 மீற்றரில் உள்ள நுவரெலியா மூன்றாவதில். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு வரம்பு 12 என்றால் நுவரெலியாவில் அது 13.1. அங்கே வசிக்கும் பெண்ணின் ரிப்போர்ட்டில் 12.5 என்று வந்தால் "நோர்மல்" என்று அடித்து அனுப்பிவிடுகிறோம். 12.5 வந்த எல்லோருக்கும் உடனே மருந்து என்பதல்ல இதன் பொருள். களைப்பு, மூச்சுவாங்கல், அதிக மாதவிடாய் இருந்தால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பார்க்கவேண்டும். 15க்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு காலி. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். அப்போது 70க்குக் கீழேயே சந்தேகிக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒற்றைத் துளியையும் நம்ப முடியாது. விடிகாலைக் குளிரில் விறைத்த விரலைப் பிழிந்தால் இரத்தத்தோடு இழைய நீரும் கலந்து இலக்கம் கீழே போகும். நாளத்தில் எடுத்த இரத்தமே சரி.

மாத்திரைக்கு ஏறாத சோகை எல்லாம் தேத்தண்ணியின் குற்றமும் அல்ல. இரத்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.8 என்று வந்தால் முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 11. விடை 13க்குக் கீழே என்றால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவியாக (நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்கக்கூடும். அவர்களில் பலர் தேவையில்லாமல் வருடக்கணக்கில் இரும்பு விழுங்குகிறார்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு இன்னும் ஒரு காரணம். இலங்கையின் தோட்டப்புறக் கர்ப்பிணிகளிடம் செய்து 1994இல் வெளியான ஆய்வு, புழு மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது இரும்பு மாத்திரையின் பலன் கூடியதைக் காட்டியது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு என்றால் கதை வேறு. குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கிக் குடிக்கும் டைக்ளோபினாக் வயிற்றைப் புண்ணாக்கும். பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்கும். இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாகப் போவது இயல்பு. தார் போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனால் அது இரத்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சீனி வியாதிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யை இரும்புக் குறைபாடு பொய்யாக உயர்த்தக்கூடும். சோகையுள்ள ஒருவருக்கு அது 6.6 என்று வந்ததும் வியாதி என்று முத்திரை குத்தாமல், சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் 126 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று பார்க்கட்டும்.

இது வெறும் உடல்நலக் கணக்கும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் செய்து 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வில், கடும் சோகை இருந்த பெண்கள் இரும்பு கொடுத்த பின் கூடுதல் கொழுந்து பறித்தார்கள். கிலோக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

மாத்திரை வரும் கடதாசி உறை பற்றியும் சொல்லவேண்டும். அடுப்பு ஆவியும் மலையின் ஈரமும் பட்டால் மாத்திரையின் மேற்பூச்சு வெடித்துப் பழுப்பாகும். அப்படியானதை விழுங்க வேண்டாம். மூடி இறுகிய போத்தலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். இனிப்பு என்று நினைத்துச் சிறுபிள்ளை ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த உறையில் பெரும்பாலும் ஓர் இலக்கமும் ஒரு வரியும்தான் இருக்கும், அதுவும் வாங்குபவருக்குப் புரியாத மொழியில். சுகாதார அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது இரண்டே இரண்டு. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அந்தப் பிரதேசத்தின் உயரத்துக்கேற்ற வரம்பு அச்சாக வேண்டும். உறையில் தமிழில் ஓர் இறப்பர் முத்திரை விழ வேண்டும்: "எழும்பியதும் தண்ணியோடு குடிக்கவும். ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி."

இப்படிக்கு,
மலையகத்தில் பணியாற்றும் வைத்தியர்கள் இருவர்,
ஹட்டன்.