நோபல் செய்தியில் வராத இன்னொரு வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அகோஸ்தினி, கிராஸ், ஆன் லூலியே மூவருக்கும் 2023-இல் இயற்பியல் நோபல் கிடைத்த பிறகு அட்டோசெகண்ட் (நொடியின் மிகமிகச் சிறிய துண்டு) என்ற பேச்சு நம் நாளிதழ்களிலும் வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அதே உலகத்தை நேர் எதிர்த் திசையிலிருந்து அணுகும் சோதனை ஒன்று இருக்கிறது, அதை உங்கள் அறிவியல் பக்கம் அவசியம் எழுத வேண்டும்.

கடுமையான லேசர் துடிப்பு, அதாவது மிகக் குறுகிய ஒளிவீச்சு, அணுவின் மேல் விழும்போது எலக்ட்ரான் எப்படிப் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி. இது நடப்பது அட்டோசெகண்ட் கணக்கில்: ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாகப் பிரித்தால் வருவது அட்டோசெகண்ட். அவ்வளவு வேகமான விஷயத்தைப் படிக்க, கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் டேவிட் வெல்ட் குழுவினர் மிக மிக மெதுவாக அசையும் அணுக்களை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரான்சியம் அணுக்களைக் குளிரவைத்து, போஸ்-ஐன்ஸ்டைன் கண்டன்சேட், அதாவது எல்லா அணுக்களும் சேர்ந்து ஒரே அலைபோல நடந்துகொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்து (1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திர நாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய கதை இது), லேசர் ஒளியாலான பொறிக்குள் அடைத்தார்கள். அணுக்கள் எலக்ட்ரானின் இடத்தில், பொறி அணுக்கருவின் இடத்தில். அப்புறம் பொறியையே முன்னும் பின்னும் ஆட்டினார்கள், அதனால் அணுக்கள் உணரும் விசைதான் லேசர் துடிப்பின் மின்புலத்துக்குப் பதில். நேரம் லட்சம் கோடி மடங்கு வரை நீண்டுவிடுவதால், ஒரே அலை ஏறி இறங்குவதற்குள் அணுக்கள் எப்போது கழன்று போகின்றன என்பதைக்கூடப் பார்க்க முடிகிறது! துடிப்பில் சில அலைகளே இருந்தால், அலையின் முகடு துடிப்பின் உச்சத்தில் விழுகிறதா, சற்றுத் தள்ளி விழுகிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறும், அதையும் நேரடியாக அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

சரி, இது அசல் அணு இல்லைதான். ஸ்ட்ரான்சியம் அணுவுக்கு மின்னூட்டம் கிடையாது, பொறியின் பிடி அதன் விளிம்போடு முடிந்துவிடும், அணுக்கருவோ தூரத்திலிருந்தும் எலக்ட்ரானை இழுக்கும். இந்த வித்தியாசத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அட்டோசெகண்ட் லேசர்களுக்கு இது மாற்று என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பொறியின் வடிவத்தையும் ஆட்டத்தையும் விருப்பம்போல மாற்றிப் பார்க்கும் வசதி அசல் அணுவில் கிடைக்காது.

பரிசு பெற்றவர்களின் படத்தோடு நிறுத்தாமல், அந்தப் பொறி ஆடுவதை ஒரு வரைபடமாகப் போட்டு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கே புரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்