ஸ்பினெட் பியானோவுக்குப் புதுத் தந்திகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

டொராண்டோவில் பழைய ஸ்பினெட் (உயரம் குறைந்த நிமிர்ந்த வகை) பியானோ ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதன் மந்திர ஸ்தாயி (தாழ்ந்த சுரங்களின் பகுதி) மழுங்கி ஒலிப்பதால் தந்திகள் அனைத்தையும் மாற்ற எண்ணியிருப்பதாகவும் நீ எழுதியிருந்தாய். அனைத்தையும் மாற்ற வேண்டாம் அம்மா. செம்புக் கம்பி சுற்றிய மந்திரத் தந்திகளை மட்டும் மாற்றினால் போதும் என்பதே என் உறுதியான கருத்து.

மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று வீதம் கட்டப்பட்டிருப்பவை வெறும் எஃகுக் கம்பிகள்; துருவேறாதவரை அவை பல பத்தாண்டுகள் உழைக்கும். மந்திரத் தந்திகளின் நிலை வேறு. செம்புச் சுற்றுகளுக்கு இடையே அழுக்கு அடைந்துவிட்டால் தந்தி தாராளமாக அதிர முடிவதில்லை. ஸ்பினெட்டின் உயரமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால், நீளத்தில் குறைந்ததைக் கனத்தால் ஈடுசெய்யச் செம்பைத் தடிமனாகச் சுற்றுகிறார்கள். குட்டையான தடித்த தந்தி விறைப்பாக இருப்பதால் அதன் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) சற்றே உயர்ந்து விலகி நிற்கும். ஆகவே புதுத் தந்தி போட்டாலும் பெரிய கிராண்ட் பியானோவின் நாதம் வராது. ஆனால் தெளிவு திரும்பும், அதற்காகவே இந்தச் செலவு தகும்.

செலவு செய்வதற்கு முன், ஒரு தந்தியைத் தளர்த்தி, கீழ் ஆணியிலிருந்து கொக்கியைக் கழற்றி, செம்பு சுற்றியிருக்கும் திசையிலேயே ஒரு முறுக்கு கொடுத்து மாட்டிப் பார். சில வேளைகளில் அதுவே நாதத்தை மீட்டுவிடும். மீளவில்லையென்றால், பழைய தந்திகளையே அளவு மாதிரியாகத் தந்தி சுற்றுபவருக்கு அனுப்பு. ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 70 கிலோ இழுவையில் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டகத்தின்மேல் டன் கணக்கில் அழுத்துகின்றன. எனவே ஒன்றை முழுவதும் அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மந்திரப் பகுதி முழுவதையும் சிறிது சிறிதாகத் தளர்த்திய பின்னரே கழற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஒரு தந்தியையும் தொடாதே. அறுந்து தெறிக்கும் எஃகு கண்ணைப் பறித்துவிடும்.

ஸ்பினெட்டில் தந்தியை அடிக்கும் சுத்தியல் பொறி, விரலால் அழுத்தும் கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே அமைந்து, ஒவ்வொரு கட்டையோடும் தனித்தனிக் கம்பியால் இணைந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வேலையை மட்டும் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடு.

புதுத் தந்தியை, அதை இறுக்கிச் சுருதி சேர்க்கும் சுருதி ஆணியில் ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று சுற்றுகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். ஆணி தளர்வாகத் திரும்பினால் ஓர் அளவு தடித்த ஆணியை இறக்க வேண்டும். சென்னையில் கடற்காற்று தந்தியைத் துருவாக்குகிறது. உன் ஊரில் குளிர்கால வெப்பமூட்டி, சுருதி ஆணிகள் பதிந்திருக்கும் ஆணிப்பலகையின் மரத்தை உலர்த்தி ஆணிகளைத் தளர்த்துகிறது. அதனால் பியானோ இருக்கும் அறையில் ஈரப்பதமூட்டி ஒன்றை இப்போதே வைத்துவிடு.

தந்திகள் மாட்டிய பிறகு சில நாட்களிலேயே சுருதி இறங்கிவிடும். பயப்படாதே, புது எஃகு நீண்டு அடங்கும் வரை அப்படித்தான். முதல் ஆண்டில் பலமுறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள். தந்திகளைக் கழற்றுமுன் மந்திரப் பகுதியின் படங்களை எனக்கு அனுப்பு. தந்திகள் குதிரையை (தந்திகளின் அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்தும் மரக்கட்டையை) கடக்கும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா