காலாண்டு மடல்: கொலோன் பயணமும் செல்போனும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகளோடு வந்திருக்கிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்து உற்சாகப்படுத்திய அனைவருக்கும் நன்றி. விடைத்தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட்டு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

விடுமுறையில் ஜெர்மனி சென்ற பிள்ளைகளும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். நானும் உடன் போயிருந்தேன். கொலோனில் நம் பிள்ளைகளைத் தங்கவைத்த குடும்பங்கள், ஒரு முழு நாள் கூடவே நடந்து ஊரைச் சுற்றிக் காட்டின. 1248-இல் தொடங்கி, நடுவே ஏறத்தாழ 280 ஆண்டுகள் வேலை நின்றுபோய், 1880-இல்தான் கட்டி முடித்த பேராலயம் அங்கே இருக்கிறது. தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே குறுகலான சுழல் படிக்கட்டுதான்.

அந்தப் படிக்கட்டின் நடுவில் நம் மாணவர் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் நின்று பேச, கீழிருந்து வந்தவர்களும் மேலிருந்து இறங்கியவர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இதுதான்.

பிள்ளை கண்காணாத தேசத்தில் இருக்கும்போது பெற்ற மனம் கிடந்து தவிக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் நாள் முழுக்க அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. நமக்கு மாலை நாலரை என்றால் அங்கே மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம். ரைன் நதியின் ஹோஹென்சொல்லர்ன் பாலத்தில் ஒரு வீட்டுத் தாத்தா, 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையே அந்தப் பாலத்தைத் தகர்த்ததையும், குண்டுவீச்சில் ஊர் தரைமட்டமாகியும் பேராலயம் நின்றதையும் சொல்லிக்கொண்டிருந்தார். போன் ஒலித்தது. “சாதம் கிடைத்ததா?” என்று கேட்கும் குரல் எங்களுக்கே கேட்டது. பேசி முடிக்கும்வரை அவர் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் எடுத்த படம், அந்த வீட்டுச் சின்னக் குழந்தையின் முகத்தோடு, நம்மவர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்து உறவினர் குழுக்கள் வரை போய்விட்டது. குழந்தையின் தாய் என்னிடம் மிகவும் பணிவாக, அதை நீக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்பக் கூடாது என்ற சட்டம் 1907 முதலே உண்டு. 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் இறந்த அறைக்குள் புகுந்து இரண்டு பேர் படம் பிடித்தபோது எழுந்த கொதிப்பின் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. அதைச் சாதாரண விஷயம் என்று நாம் ஒதுக்க முடியாது. சட்டமே இல்லாவிட்டாலும், நமக்குச் சோறு போட்ட வீட்டின் குழந்தை அது. படம் இன்னும் யாரிடமாவது இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அடுத்த பயணத்திலிருந்து இரவு உணவுக்குப் பிறகு ஒரே ஒரு அழைப்புதான். அவசரமென்றால் உடன் வரும் ஆசிரியரை அழையுங்கள். இதற்குச் சம்மதிக்காத வீட்டுப் பிள்ளையை அழைத்துப் போக முடியாது.

பொங்கல் சமயத்தில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வீடுகளுக்கு வருகிறார்கள். அவர்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். சரி என்றாலும் பொதுவெளியில் போட வேண்டாம்.

கடன் வாங்கியாவது பிள்ளையை அனுப்பிவைத்தவர்கள் உங்களில் சிலர் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கும் அதிரசமும் அங்கே எல்லா வீடுகளிலும் அன்றே தீர்ந்துபோயின. பள்ளியை நம்பிப் பிள்ளைகளை அனுப்பியதற்கு மனமார்ந்த நன்றி. விருந்தினரைத் தங்கவைக்க விரும்புவோர் மாத இறுதிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை