பியானோ வாசித்தவர் பெயர் காத்தி ரோசியே

உலக சினிமா திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போட்ட படங்களைப் பார்த்துத்தான் பழைய பிரெஞ்சு குற்றப் படங்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது, அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

மெல்வில் எடுத்த 'லெ சாமுராய்' (1967) திரையிட்ட அன்று அறிமுக உரை அரை மணி நேரம் போனது. கூலிக்குக் கொலை செய்பவராக நடித்த அலென் தெலோனின் தொப்பி, மழைக்கோட்டு, கூண்டுக் குருவி, படம் முழுக்கப் படர்ந்த சாம்பல் நிறம், எல்லாம் வந்தது. பியானோ வாசிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையில் கொடுத்த தாளிலும் அவர் பெயர் இல்லை.

அவர் காத்தி ரோசியே. கறுப்பினப் பெண். படத்தின் முடிச்சே அவர் கையில்தான் இருக்கிறது. கொலையை முடித்துவிட்டு தெலோன் கதவைத் திறந்து வெளியே வரும்போது நடைவழியில் இவர் நிற்கிறார், இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள், தப்பவே முடியாத பார்வை அது. அப்புறம் போலீஸ் நிலையத்தில் கேட்டால் 'இவர் இல்லை' என்கிறார். கடைசியில் வெள்ளைக் கையுறையோடு பியானோ முன் வந்து நின்று தெலோன் துப்பாக்கியை நீட்ட, போலீஸ் தெலோனைச் சுட்டுச் சாய்க்கிறது; அவர் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குண்டும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பியானோக்காரப் பெண்ணின் நிறத்தை யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. தன் தொழிலில் தேர்ந்த, சொந்தமாகக் கார் ஓட்டிப் போகிற ஒரு பெண், அவ்வளவுதான். 1961 அக்டோபர் 17 அன்று ஊர்வலம் போன அல்ஜீரியர்களை போலீஸ் அடித்துக் கொன்று சேன் நதியில் வீசிய அதே பாரிஸில், 6 வருடம் கழித்து வந்த படம் இது. அதற்காகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்தப் பெண் ஏன் அப்படிப் பொய் சொன்னார், அவர் மனதில் என்ன ஓடியது என்பதைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை, தெலோனின் தனிமைக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் பேச வேண்டாமா?

'பெப்பே லெ மோக்கோ'வையும் (1937) இப்படித்தான் கடந்து போகிறோம். அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரத்துப் பழைய குடியிருப்பான காஸ்பாவில் நடக்கும் கதை, ஆனால் அந்தச் சந்துபொந்துகளில் பெரும்பகுதி பிரான்சில் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். இன்ஸ்பெக்டர் ஸ்லிமானாக நடித்தவர் ருமேனியாவில் பிறந்த லூக்காஸ் கிரிடூ. அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று தொடக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நீளமாகப் பட்டியல் வாசிக்கிறார், ஆனால் அந்த மண்ணின் மக்கள் யாரும் கதையைச் சுமப்பதில்லை. எல்லாம் கதாநாயகன் ழான் காபின் தோளில்தான். லூயி மால் எடுத்த முதல் குற்றப் படமான 'அசான்சர் பூர் லெஷாஃபோ'வுக்கு உயிர் கொடுத்தது 1957 டிசம்பரில் பாரிஸில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த டிரம்பெட். இசையில் இவ்வளவு நிறைந்திருக்கும் ஒரு கறுப்பினக் கலைஞருக்கு ஈடாக, திரையில் முக்கியமான ஒரு கறுப்பு முகம் இல்லை.

படங்களை நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் நிறையப் போடுங்கள். உரையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அடுத்த முறை 'லெ சாமுராய்' போடும்போது நோட்டீஸில் தெலோன் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், காத்தி ரோசியே என்று அச்சடியுங்கள். அந்தத் தாளை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்