ஒரே ஸ்வெட்டரா என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

வீடியோவில் எப்போது பார்த்தாலும் அதே கருநீல ஸ்வெட்டர்தானே, கையில் காசு இல்லையா, சொல்லாமல் கஷ்டப்படுகிறாளா என்று அம்மா உன்னிடம் கேட்டார்களாம். கஷ்டம் ஒன்றும் இல்லை. அது ஒரே ஸ்வெட்டரும் இல்லை, ஒரே மாதிரி இரண்டு இருக்கின்றன. வேண்டுமென்றேதான் அப்படி வாங்கினேன். அதற்கான காரணம் கொஞ்சம் நீளம்.

வீட்டில் இருந்தவரை, என்ன உடுத்துவது என்று நான் யோசித்ததே கிடையாது. அது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நிறத்தை அம்மா எடுப்பார்கள், தையலுக்கு அளவு கொடுக்க நீ கூட வருவாய், விசேஷத்துக்கு எது, வேலைக்கு எது என்பதை வீடே முடிவு செய்துவிடும். அதையும் மீறி நான் எதையாவது போட்டுக்கொண்டு கிளம்பினால், ‘இது வேண்டாம், அந்தப் பச்சையைப் போடு’ என்று வாசலில் ஒரு குரல் வரும். இங்கே அந்தக் குரல் இல்லை. அலுவலகத்திலும் யாரும் யாருடைய உடையைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்வார்கள், இல்லாவிட்டால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். இது சுதந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு அலமாரி முன்னால் நின்று பார், தெரியும்.

குளிரைப் பற்றி நீ கேட்டிருந்தாய். பெரிய கோட் ஒன்று வாங்கினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வெளியே உறைபனி, பஸ்ஸுக்குள் புழுக்கம், அலுவலகத்தில் ஹீட்டர். பகல் முழுக்கக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே போகும். அதனால் இங்கே உடை என்பது அடுக்கு. உடம்போடு ஒட்டியிருப்பது வியர்வையை வெளியே கடத்த வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்வெட்டர் காற்றைத் தன் இழைகளுக்குள் பிடித்துவைத்துச் சூடு காக்கும். மேலே இருக்கும் கோட் காற்றையும் மழையையும் தடுக்கும். கம்பளி இழை தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நமக்குப் பழகிய பருத்தி அப்படியில்லை. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, காயாமல் உடம்பின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். வெயிலுக்குச் சுகமான அதே குணம் இங்கே எதிரி.

அடுக்கு என்று வந்துவிட்டால் எந்தத் துணியும் தனி ஆள் இல்லை. சட்டைக் கை அகலமாக இருந்தால் ஸ்வெட்டருக்குள் முழங்கைவரை சுருண்டு கிடக்கும். கழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் நாள் முழுக்கத் தாடையில் இடிக்கும். தனியாகப் பார்க்க அழகாக இருக்கும் எத்தனையோ துணிகள் மற்றவற்றோடு சேர மறுக்கும். போதாததற்கு வெளிச்சம். குளிர்காலத்தில் நான் கிளம்பும்போது விடிந்திருக்காது, மஞ்சள் பல்பின் கீழே கருப்பும் கருநீலமும் ஒன்றுபோலவே தெரியும். பஸ் நிறுத்தத்தில் பகல் வெளிச்சம் வந்த பிறகுதான் பேண்ட் ஒரு நிறம், காலுறை ஒரு நிறம் என்பது புரியும். ஆகவே கருப்பை அடியோடு விலக்கிவிட்டேன். என் அலமாரியில் கருநீலம், சாம்பல், வெள்ளை, கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். கையை விட்டு எதை எடுத்தாலும் மற்றதோடு சேரும். பாணி, ரசனை என்றெல்லாம் பெரிதாகப் பேசுகிறார்களே, என் பாணியில் பாதி ஒரு மங்கலான பல்பில் பிறந்தது.

மீதிப் பாதியைச் சலவைக் கூடையில் கண்டுபிடித்தேன். பிடித்த படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிவைத்து உன் பாணியைக் கண்டுபிடி என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தப் படங்களில் நாம் ஆக விரும்பும் ஆள்தான் இருப்பாள். தினமும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் அதில் இருக்க மாட்டாள். ஓடுகிறவள் எதைப் போடுகிறாள் என்பது கூடைக்குத்தான் தெரியும். ஹேங்கர்களை எல்லாம் கொக்கி நம்மைப் பார்க்கும்படி திருப்பி மாட்டிவைத்து, போட்டுத் துவைத்ததை மட்டும் வழக்கம்போல மாட்டுவது ஒரு பழைய தந்திரம். ஒரு பருவம் போனதும் திரும்பாமல் நிற்கும் கொக்கிகளைப் பார்த்தால் போதும். அப்படி நின்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்று கழுத்தில் அரிக்கும், ஒன்று உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலே ஏறும், இன்னொன்று இஸ்திரி இல்லாமல் வெளியே வராது. அடிக்கடி திரும்பியவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் பாக்கெட் இருந்தது, கழுத்து சற்று இறங்கியிருந்தது, கையை முழங்கை வரை மடித்துவிட முடிந்தது. யாராவது கேட்டிருந்தால், இந்த மூன்றையும் நான் விரும்புகிறேன் என்று சொல்லியிருக்கவே மாட்டேன்.

இப்போது கடையில் எதையும் நின்று பார்ப்பதோடு விடுவதில்லை. உட்கார்ந்து பார்ப்பேன், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பார்ப்பேன், பையைத் தோளில் மாட்டிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் விநோதமாகப் பார்க்கட்டும். தோள் தையல் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். நீளம் கூடினால் மடித்துத் தைக்கலாம், இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், தோளைச் சரிசெய்வது மட்டும் பெரிய வேலை.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதே. ஒன்றோடொன்று சேரும் சில துணிகளே போதும் என்பதை லண்டனில் சூசி ஃபோ என்ற பெண்மணி 1970களிலேயே சொல்லிப் பரப்பினார். நியூயார்க்கில் டோனா கரண் 1985இல் ஏழே துணிகளை அடிப்படையாக வைத்து ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டார். அமெரிக்க அதிபராக இருந்தபோது ஒபாமா, சாம்பல் அல்லது நீல சூட் மட்டும்தான் அணிகிறேன், முடிவு எடுக்க வேண்டிய வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன என்றார். நல்ல யோசனைதான். ஆனால் துவைத்து இஸ்திரி போட்டுத் தர ஆள் இருப்பவருக்கு இன்னும் சுலபம்.

எனக்குப் பிடித்த கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. கார்ல் ஸ்டெஃபனோவிக் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுக்கக் காலை நிகழ்ச்சியில் ஒரே நீல சூட்டில் வந்தார். யாருக்கும் தெரியவில்லை. 2014இல் அவரே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்காரும் பெண் தொகுப்பாளரின் உடையை மட்டும் ஓயாமல் விமர்சித்தார்கள், அதைக் காட்டவே அப்படிச் செய்தாராம். ஆணின் சூட்டை ஓர் ஆண்டு கவனிக்காத உலகம் என் ஸ்வெட்டரை ஒரே மாதத்தில் கவனித்துவிட்டது. அந்த உலகத்தில் நீயும் அம்மாவும் உண்டு, அக்கா!

பெண்களால் முடியாது என்பதும் இல்லை. நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநராக இருந்த மட்டில்டா கால், வேலைக்கு வெள்ளைப் பட்டுச் சட்டையும் கருப்புப் பேண்ட்டும் மட்டுமே என்று மூன்று ஆண்டுகள் இருந்ததைப் பற்றி 2015இல் எழுதினார். கழுத்தில் மட்டும் கருப்புத் தோலில் செய்த ஒரு பூ முடிச்சு. சிறுவயதில் அம்மா தலையில் ரிப்பன் கட்டிவிடுவாராம், அதனால் அதைச் சேர்த்துக்கொண்டாராம். சீருடை ஆளை விழுங்கிவிடாமல் இருக்க இப்படி ஒன்று வேண்டும். எனக்கு நீ கொடுத்த சிவப்புக் கல் தோடு இருக்கிறது. கருநீலத்துக்கு மேலே அது எப்படி எடுப்பாக இருக்கிறது என்பது வீடியோவில் உனக்குத் தெரியவே தெரியாது.

பட்டுப்புடவைகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றை உடுத்தும் நாளில் நேரம் ஆவதுதானே சுகம்.

இனி உன் பெண்ணின் விஷயம். இங்கே படிக்க வருகிறாளே என்று பெட்டி நிறையப் புதுத்துணி எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். வெளுத்துப்போகும் வரை அவள் விடாமல் போடும் இரண்டு மூன்று துணிகள் இருக்கும். நீ அவற்றை ஒளித்துவைக்கப் பார்ப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அவற்றையே கொண்டுவரட்டும், அதிலிருந்துதான் நானும் அவளும் மற்றதைத் தேட ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு என் கருநீலம் பிடிக்காமல் போகலாம், அதையும் அவளே சொல்லட்டும். கோட் இங்கே வாங்கிக்கொள்ளலாம். உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்த்துத்தான் அதை எடுக்க வேண்டும், உள்ளே மெல்லிய சட்டை மட்டும் போட்டு அளவு பார்த்தால் பிறகு கையை அசைக்க முடியாது.

பூட்ஸ் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். அவள் பாத அளவை எழுது. காலையில் அளக்காதே, நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஆகவே மாலையில் அளந்துகொள். தடித்த காலுறை போட்டுக்கொண்டு, காகிதத்தின்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் தனித்தனியாக வரைந்து அனுப்பு. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

அத்தானுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
உன் தங்கை